கருவிழி மாற்றிய கண்ணை எப்படிக் காப்பாற்றுவது?

கண் சிவந்தால் நம் ஊரில் முதலில் வரும் பேச்சு, "மெட்ராஸ் ஐ-யா இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பதுதான். மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வோம். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வோம். பெரும்பாலும் அது தானாகவே சரியாகியும் விடும். கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மட்டும் இந்த வழியில் போகவே கூடாது. தானமாக வந்த கருவிழியை அவர் உடல் எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம், தையல் ஒன்று அறுந்திருக்கலாம், கிருமி புகுந்திருக்கலாம். மூன்றுக்கும் வெளியே தெரியும் அடையாளம் அதே சிவப்புதான். எது என்பதை, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால்தான் சொல்ல முடியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கு உயிர்மருந்தாக இருப்பது இன்னொன்றைப் பாழாக்கிவிடும். காத்திருக்கும் அந்த இரண்டு நாளில் கண்ணே போய்விடலாம்.

இந்த ஆபரேஷன் ஒரு மணி, ஒன்றரை மணி நேர வேலை. ஐந்து வருஷம் கழித்தும் அந்தக் கண் பார்க்குமா என்பது, அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதைத்தான் பெருமளவு நம்பியிருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருந்துச் சீட்டோடு இதையும் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டும். கூட்டம் நிரம்பிய மருத்துவமனைகளில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கருவிழி என்பது கண்ணின் முன்பக்கம், சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும் தெளிவான படலம். அதில் ரத்தக் குழாயே கிடையாது. உடலின் எதிர்ப்புச் செல்கள் ரத்தத்தில்தானே ஊர்ந்து வரும்? ரத்தம் எட்டாத இடம் என்பதால் இன்னொருவரின் கருவிழியை உடல் ஓரளவு கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல ரத்தவகை, திசுப் பொருத்தம் எல்லாம் இதற்கு வழக்கமாகப் பார்க்காததற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

படலத்தின் உள்பக்கம் ஒரே ஒரு வரிசையாகச் சில செல்கள் ஒட்டியிருக்கும். எண்டோதீலியம் என்பார்கள். கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழிக்குள் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து நீரை இறைத்துக்கொண்டே இருக்கும் ஆட்களைப் போல, இந்தச் செல்கள்தான் அந்த நீரை வெளியேற்றிக் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கின்றன. செத்த ஆளுக்குப் பதில் ஆள் வரமாட்டார் என்பதுதான் சிக்கல். மனிதக் கண்ணில் இந்தச் செல்கள் மறுபடி வளர்வதில்லை. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2,500 அளவில் இருக்கும். சில நூறுகளுக்கு இறங்கிவிட்டால் கருவிழி நீர் கோத்து வீங்கிப் புகைமூட்டமாகிவிடும். கருவிழி மாற்றிய பிறகு வரும் பெரிய சிக்கல்களில் பல கடைசியில் இந்தச் செல்களைத்தான் தின்கின்றன.

முதல் வெற்றிக் கதையிலேயே தோல்வியும் சேர்ந்தே இருந்தது. 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஓலமூட்ஸ் ஊரில், எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் ஒரு கூலித் தொழிலாளிக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார். சுண்ணாம்பு பட்டு அவருடைய இரண்டு கண்ணும் வெந்துபோயிருந்தன. காயத்தால் அகற்ற வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழி எடுத்து இரண்டு கண்ணிலும் பொருத்தினார். ஒன்று சிக்கலாகிப் போனது. மற்றொன்று தெளிவாக நின்று, அவர் வேலைக்குத் திரும்பினார். உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தே இல்லாத காலம் அது. நம் பக்கம் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945-இல் நாட்டின் முதல் கண் வங்கியைத் தொடங்கி, 1948-இல் கருவிழி மாற்றுச் சிகிச்சையும் செய்தார். (வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட் குழந்தைகள் கையில் வெடித்துக் கண் வேகும் கொடுமை இன்றும் நம் நாட்டில் நடக்கிறது. அதைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.)

சரி, ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் மருத்துவர் எதைத் தேடுகிறார்? தையல் போட்ட விளிம்பில் நீர் கசிகிறதா என்று மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். மேல்தோல் மூடுகிறதா, கண் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். உள் அடுக்கை மட்டும் மாற்றும் டிசெக், அதைவிட மெல்லிய அடுக்கை வைக்கும் டிமெக் முறைகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மாற்று அடுக்கைத் தைப்பதில்லை. காற்றுக் குமிழியோ வாயுக் குமிழியோ அதைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும். மல்லாந்து படுக்கச் சொல்வது அந்தக் குமிழி மேலே எழும்பி அடுக்கை அழுத்தத்தான். ஒரு பக்கம் பிரிந்துவிட்டால் மறுபடி குமிழி செலுத்தி ஒட்டவைப்பார்கள். பயப்பட வேண்டாம், இது அடிக்கடி நடப்பதுதான். வாயுக் குமிழி கண்ணுக்குள் இருக்கும்வரை விமானப் பயணமும், ஊட்டி, கொடைக்கானல் ஏறுவதும் வேண்டாம். உயரம் போகப் போக வாயு விரிந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

இனி நிராகரிப்புக்கு, அதாவது தானமாக வந்த கருவிழியை உடல் எதிர்ப்பதற்கு, வருவோம். முழுத் தடிமனையும் மாற்றும் பழைய முறையில் இதன் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் ஒரே மருத்துவமனையின் நோயாளிகளை ஒப்பிட்டு 2012-இல் வந்த ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் நிராகரிப்பு வந்தது முழு மாற்றில் 18 சதவீதம் பேருக்கு, டிசெக் வகையில் 12 சதவீதம் பேருக்கு, டிமெக்கில் வெறும் 1 சதவீதம் பேருக்கு. உடம்புக்கு அந்நியமான திசு எவ்வளவு குறைவாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. உள் அடுக்கு மட்டும் கெட்டவருக்கு முழுக் கருவிழியும் மாற்றத் தேவையில்லை என்ற முடிவுக்குப் பல மருத்துவர்கள் வந்ததில் இந்த எண்களுக்கும் பங்கு உண்டு. உள் அடுக்கு நன்றாக இருந்து முன்பக்கம் மட்டும் தழும்பானவர்களுக்கு, அவர்களுடைய சொந்த உள் அடுக்கை அப்படியே விட்டுவிட்டு மேலே மட்டும் மாற்றுகிறார்கள். எண்டோதீலியம் நிராகரிப்பு என்ற பேச்சே அவர்களுக்கு இல்லை.

நிராகரிப்பு பெரும்பாலும் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் வரும். பத்து வருஷம் கழித்தும் வரலாம். அடையாளங்கள் நான்கு: கண் சிவப்பது, வெளிச்சம் பார்த்தால் கூசுவது, நேற்றுவரை தெரிந்தது இன்று மங்கலாகத் தெரிவது, வலி அல்லது உறுத்தல். நான்கும் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை. வலியே இல்லாமல் பார்வை மட்டும் லேசாக மங்கலாம். அதனால் காலையில் எழுந்ததும் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஆபரேஷன் ஆன கண்ணால் மட்டும் எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பாருங்கள். தினமும் அதே இடத்திலிருந்து, அதே காலண்டர். நேற்று தெரிந்த எண் இன்று தெரியவில்லை என்றால் அன்றே கிளம்ப வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மூடி மறைத்துவிடும். வாரக்கணக்கில் தெரியாமலே போய்விடும்.

மருத்துவர் கருவியில் பார்க்கும்போது கருவிழியின் பின்பக்கம் வெள்ளைச் செல்கள் ஒரு கோடாகப் படிந்திருப்பது சில சமயம் தெரியும். 1969-இல் அதை விவரித்த ஈரானிய மருத்துவர் கோடாடூஸ்ட் பெயரிலேயே அந்தக் கோட்டைச் சொல்கிறார்கள். கோடு கடந்துபோன பக்கமெல்லாம் செல்கள் செத்து வீங்கியிருக்கும், போகாத பக்கம் இன்னும் தெளிவாக இருக்கும். சீக்கிரம் வருவது ஏன் முக்கியம் என்று புரிந்துகொள்ள இந்த ஒரு காட்சியே போதும். கோட்டை எங்கே நிறுத்துகிறோமோ அதற்கு அப்பால் உள்ள செல்கள்தான் மிச்சம்.

நிராகரிப்பு வந்துவிட்டால் கருவிழி போய்விட்டது என்று அர்த்தமில்லை. பலர் இங்கேதான் மனம் உடைந்துபோகிறார்கள். சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் திருப்பிவிட முடியும். ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு மருந்து மணிக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் ஊசியாகவோ மாத்திரையாகவோ ஸ்டீராய்டு, அப்புறம் வாரக்கணக்கில் மெதுவாகக் குறைப்பது என்று வைத்தியம் போகும். ஆனால் ஒவ்வொரு நிராகரிப்பும் கொஞ்சம் செல்களைக் கொண்டுபோகும். மூன்றாவது தடவை தாக்குப்பிடிக்க மிச்சம் இல்லாமல் போகலாம்.

சொட்டு மருந்து விடுவதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ப்ரெட்னிசலோன் அசிடேட் தண்ணீர் போன்ற மருந்து அல்ல. மருந்துத் தூள் அடியில் படிந்திருக்கும் பால் போன்ற கலவை. குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் வெறும் நீர்தான் கண்ணுக்குள் போகும். மருந்து ஒழுங்காக விட்டும் நிராகரிப்பு வந்தது என்று சொல்லும் சிலரிடம் பாட்டிலை வாங்கிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக உறைந்து நிற்கும். நன்றாகக் குலுக்க வேண்டும். கை கழுவி, கீழ் இமையைச் சற்று இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணையோ இமையையோ தொடக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கும் உள்முனையை விரலால் ஒரு நிமிஷம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு முன் ஐந்து நிமிஷம் இடைவெளி. திறந்து ஒரு மாதம் ஆனதும், மிச்சம் இருந்தாலும், பாட்டிலைத் தூக்கிப்போட வேண்டும்.

கணக்கும் முக்கியம். ஐந்து மில்லி பாட்டிலில் தோராயமாக நூறு சொட்டுகள் இருக்கும். கை நடுங்கும் பெரியவர் ஒரு வேளைக்கு மூன்று சொட்டு சிந்தினால், மாதம் முழுக்க வரும் என்று நினைத்த பாட்டில் பாதியிலேயே தீர்ந்துவிடும். அடுத்த செக்கப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று மருந்தில்லாமல் காத்திருப்பார்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஒரு பாட்டில் எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தால் பிள்ளைகளில் ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் அந்தக் கண் பக்கம் போகக் கூடாது.

நிராகரிப்புக்குச் சமமாக நான் அஞ்சுவது கண் அழுத்தத்தை. கண்ணைக் காக்கும் ஸ்டீராய்டே சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்க வேண்டியது முப்பது, நாற்பது என்று போகும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. பார்வை நரம்பு சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும். கருவிழியைத் தேவைப்பட்டால் இன்னொரு முறை மாற்றலாம், செத்த நரம்பைத் திருப்ப முடியாது. கண்ணாடிபோல் தெளிவாக நிற்கும் கருவிழிக்குப் பின்னால் பார்வையே இல்லாத கண்கள் இப்படித்தான் உருவாகின்றன. தையலோடு மேடும் பள்ளமுமாக இருக்கும் கருவிழியில் அழுத்தத்தை அளப்பதும் சிரமம். வழக்கமான கருவி சில சமயம் தவறாகக் காட்டும் என்பதால் வேறு வகைக் கருவியிலும் பார்ப்பார்கள். 'நல்லாத்தான் தெரியுது, எதுக்கு செக்கப்?' என்று நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இதுதான் பதில். அழுத்தம் ஏறினால் லேசான ஸ்டீராய்டுக்கு மாற்றுவது, அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்து, சைக்ளோஸ்போரின் போன்ற மாற்று மருந்து என்று வழிகள் உண்டு. ஆஸ்துமா இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அழுத்தம் குறைக்கும் டைமோலால் சொட்டு மருந்து கண்ணில் விட்டாலும் மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும்.

அழுத்தத்துக்குப் பயந்து நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் நிராகரிப்பு, கண்காணிப்பில்லாமல் தொடர்ந்தால் அழுத்தமும் கண்புரையும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக ஓர் அளவு கண்டுபிடிக்க வேண்டும். பலருக்கு அது வருஷக்கணக்கில் தினம் ஒரு சொட்டு என்று நிலைபெறும்.

தையலுக்கு வருவோம். முழு மாற்றில் பதினாறு தையல் வரை போடுவது வழக்கம். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு பருமன்கூட வராத நைலான் இழை. கருவிழியில் ரத்த ஓட்டம் இல்லாததால் காயம் ஆறுவது மிக மெதுவாகத்தான் நடக்கும். தையல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட உள்ளே இருக்கும், பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நடுவில் ஒரு தையல் தளர்ந்தாலோ அறுந்தாலோ கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தும். "தூசு விழுந்திருக்கும்" என்று கசக்கிவிடுவோம். அது தூசு அல்ல. தளர்ந்த தையலில் சளி ஒட்டும், அதில் கிருமி தங்கும், கிருமியைத் துரத்த ரத்தக் குழாய்கள் வெளியிலிருந்து கருவிழிக்குள் வளர்ந்து வரும். ரத்தம் எட்டாத இடம் என்றிருந்த ஒரே பாதுகாப்பும் அதோடு போயிற்று. ஒரே ஓர் அறுந்த இழையிலிருந்து புண், நிராகரிப்பு இரண்டும் வருவது இப்படித்தான். மருத்துவமனையில் அந்த இழையை எடுப்பது ஐந்து நிமிஷ வேலை. குழந்தைகளுக்குக் காயம் வேகமாக ஆறித் தையல் வெகு சீக்கிரம் தளர்ந்துவிடும். அவர்களுக்குச் சொல்லவும் தெரியாது. அதனால் குழந்தைகளை வாரா வாரம்கூடக் கொண்டுவரச் சொல்வார்கள். அலைச்சல்தான், ஆனால் அதில் சலுகை கேட்காதீர்கள்.

தையல்கள் ஒரே சீராக இழுக்காததால் வரும் பார்வைக் கோணல் வேறு விஷயம். கருவிழி தெளிவாக இருந்தும் எழுத்து இரட்டையாகவும் சாய்ந்தும் தெரியும். ஆறு மாதத்தில் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தையல் எடுத்த பிறகு கண்ணாடியிலோ, அது போதாவிட்டால் கெட்டி வகைக் கான்டாக்ட் லென்ஸிலோ பார்வை கணிசமாகத் தேறும்.

கிருமித் தொற்றில் நம் ஊருக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. தென் தமிழ்நாட்டில், கிருமி கண்டறியப்பட்ட கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வருகிறது. கதிரடிக்கும்போது தெறிக்கும் நெல் உமி, கரும்புத் தோகை, மாட்டின் வால் என்று ஏதோ ஒன்று கண்ணைக் கீறியிருக்கும். புண் முற்றிக் கண்ணைக் காப்பாற்றவே கருவிழி மாற்றியவர்களுக்குப் பூஞ்சை விளிம்பிலிருந்து திரும்ப வரலாம். ஸ்டீராய்டு பூஞ்சைக்குத் தீனி. அதனால் அவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் நேட்டமைசின் போன்ற பூஞ்சை மருந்தைத் தொடர்ந்து, ஸ்டீராய்டைத் தள்ளிவைப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எழுதிய மருந்து உங்களுக்கு ஏன் எழுதவில்லை என்பதற்கு இதுதான் காரணம். ஹெர்பிஸ் வைரஸால் கருவிழி கெட்டவர்களுக்கு அசைக்ளோவிர் மாத்திரையை நீண்ட நாள் தருவார்கள். 400 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை ஒரு வருஷம் எடுத்தவர்களுக்குக் கண்ணில் ஹெர்பிஸ் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 1998-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. வயலுக்குத் திரும்புகிறவர்கள் கண்ணாடி போடாமல் இறங்க வேண்டாம். முழு மாற்று செய்த கண்ணில் தழும்பு ஒருநாளும் பழைய பலத்துக்கு வராது. இருபது வருஷம் கழித்துக்கூட ஒரு முழங்கை இடி, குளியலறையில் ஒரு வழுக்கு, அந்த விளிம்பைப் பிளந்துவிடும்.

இவ்வளவையும் தாண்டி எத்தனை கண்கள் நிலைக்கின்றன? ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 1997-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு நேர்மையான ஒன்று. முதல் தடவை மாற்றிய கருவிழிகளில் ஒரு வருஷத்தில் சுமார் 80 சதவீதமும், ஐந்து வருஷத்தில் 46.5 சதவீதமும் தெளிவாக இருந்தன. கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கூம்புக் கருவிழி நோய்க்காக மாற்றியவர்களுக்கு ஐந்தாண்டில் 95 சதவீதம். ஏற்கெனவே தோற்ற கண்ணில் மறுபடி செய்தவர்களுக்கு 21 சதவீதம்தான். ஏழ்மையும் தோல்விக்கு ஒரு காரணமாக அந்த ஆய்வில் வெளிப்பட்டது. அதற்கு முன்பே, 1992-இல், நிராகரிப்பு ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. திசுப் பொருத்தம் பார்த்தால் பலன் உண்டா என்று தேடினார்கள், பெரிதாக இல்லை. எதிர்பார்த்ததைவிட அதிகக் கருவிழிகள் பிழைத்தன என்பதுதான் ஆச்சரியம். தாராளமான ஸ்டீராய்டு சொட்டு, மருந்தை ஒழுங்காக விட்ட நோயாளிகள், நெருக்கமான செக்கப் ஆகியவைதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் ஊரில் ஆபரேஷனை இலவசமாகச் செய்துவிட முடிகிறது. மாதாமாதம் பஸ் செலவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி, சொட்டு மருந்து விலை என்று நீளும் செலவுக்கு வழி இல்லாததால் கண் போகிறது. தாலுகா அளவில் இருக்கும் விழி மையங்களில் ஸ்லிட் லேம்பும், அழுத்தம் பார்க்கும் கருவியும், பெரிய மருத்துவரோடு பேச வீடியோ வசதியும் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். இறந்தவர் வீட்டில் அழுகைக்கு நடுவே, ஆறு மணி நேரத்துக்குள் முடிவெடுத்து ஒரு குடும்பம் கொடுத்த கண் அது. மருந்து பாட்டில் வாங்க முடியாமல் அது வீணாவதை ஏற்க முடியாது.

கருவிழி தோற்றேவிட்டால் பாதை அடைபட்டுவிடுவதில்லை. மறுபடி மாற்றலாம், முன்னதைவிட வாய்ப்பு குறையும். பலமுறை தோற்ற கண்களுக்குச் செயற்கைக் கருவிழி உண்டு. பாஸ்டன் என்ற அமெரிக்கச் செயற்கைக் கருவிழியை ஒட்டி, கண் மருத்துவப் பொருட்கள் செய்யும் மதுரை அரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் ஒன்றைத் தயாரிக்கிறது. கண் வறண்டு தோல்போல் ஆகிவிட்டவர்களுக்கு, அவர்களுடைய சொந்தப் பல்லை வேரோடு எடுத்து அதில் லென்ஸ் பதித்துக் கண்ணில் வைக்கும் சிகிச்சை சென்னை சங்கர நேத்ராலயாவில் நடக்கிறது. கேட்க விசித்திரமாக இருக்கும், வேறு எதுவும் நிற்காத கண்ணில் அது நிற்கிறது. ஜப்பானில் கியோட்டோ மருத்துவர்கள் எண்டோதீலியம் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தினார்கள். 11 பேரிடம் செய்த முதல் முயற்சியின் முடிவு 2018-இல் வந்தது. 2023-இல் அந்த நாடு சிகிச்சைக்கு அனுமதியும் தந்துவிட்டது. ஒருவர் தானம் தந்த கருவிழியிலிருந்து பலருக்குச் செல்கள் வளர்க்கலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் அது உள் அடுக்கு மட்டும் கெட்டவர்களுக்கு. உமி பட்டுப் புண்ணாகித் தழும்பேறிய கருவிழிக்கு இன்னும் தானமாக வரும் கருவிழிதான் வேண்டும்.